கூம் வைத்த பெயர்

பேரன் பிறந்த செய்தி வந்ததும் ஒப்ராத் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். மூன்றாவது தோட்டாவைப் போடும்போதுதான் அவருக்கு உறைத்தது: இந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போவது விதோமிர். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கொண்டாட்டத்தை ஊர் நாய்கள்தான் கொஞ்ச நேரம் நடத்தின.

ஷ்லிவோவா கிராமத்தில் பிள்ளையைப் பெறுவது பெற்றவர்கள் வேலை, பெயர் வைப்பது கூம் வேலை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பவர் கூம். அந்தக் கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுப்பவரும் அவரேதான். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் சொந்த அண்ணன் வந்தால் பெஞ்சில் உட்காருவான், கூம் வந்தால் மேசையின் தலைப்பக்க நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். மேலே கடவுள், கீழே கூம் என்று பழமொழியே இருக்கிறது. அந்த உரிமை அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். நாலு தலைமுறையாக ஒப்ராத் வீட்டுக்கு விதோமிர் வீடுதான் கூம். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் ‘கூம்’ என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பிளம்ஸ் தோப்பு உண்டு, வேலி கிடையாது.

கூம் யோசித்து வைத்த பெயரை முன்கூட்டி யாருக்கும் சொல்ல மாட்டார். தேவாலயத்தில் பாதிரியார் கேட்கும்போதுதான் சொல்வார், பெற்ற தாயும் அங்கேதான் முதல்முறை கேட்பாள். சொன்னது சொன்னதுதான். எண்ணெய் பூசியாகிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அன்பாக இருந்த காலத்திலேயே விதோமிர் வீட்டார் வைத்த பெயர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒப்ராத்தின் தாத்தாவுக்குப் பெயர் தோரத். அது செங்குதிரைக்கு வைக்கிற பெயர். அன்று கூமாக இருந்தவர் சந்தையிலிருந்து பனியில் மூன்று மணி நேரம் குதிரையில் வந்தவர், குளிருக்கு வழியெல்லாம் ரக்கியா என்கிற பிளம்ஸ் சாராயம் குடித்தவர். யோசித்து வைத்திருந்த பெயர் மறந்துபோய், பாதிரியார் கேட்டதும் வாசலில் கட்டியிருந்த குதிரையின் பெயரைச் சொல்லிவிட்டார். எண்பது வயதுவரை தாத்தாவை யாராவது கூப்பிட்டால் தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒன்று குதிரை.

ஒப்ராத்தின் தங்கை கதை இன்னும் மோசம். அவள் உலகப் போர் முடிந்த ஓரிரு வருடத்தில் பிறந்தாள். விதோமிரின் அப்பா அப்போது ஊர்க் கம்யூனிஸ்ட் கமிட்டிச் செயலாளர், தலை நிறையச் சிமெண்டும் டிராக்டரும்தான். கட்சிக்காரர்கள் பார்க்காமல் தேவாலயத்துக்குப் பின்வாசல் வழியாக வந்து, பிள்ளைக்கு ‘பெதலேத்கா’ என்று பெயர் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகவே போய்விட்டார். ஐந்தாண்டுத் திட்டம் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வயதாகியும் அவளுக்குக் கல்யாணமாகவில்லை. “என்ன பெதலேத்கா, திட்டம் இன்னும் நிறைவேறலையா?” என்று அவளைக் கேட்காத வாய் ஊரில் இல்லை.

ஒப்ராத்துக்கு மட்டும் ஒழுங்கான பெயர் வாய்த்தது. அன்றைக்குக் கூமுக்குப் பல்வலி, அதிகம் யோசிக்க முடியவில்லை.

அன்பாக இருந்தவர்களே இப்படி என்றால், ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் என்ன வைப்பார்?

சண்டைக்குக் காரணம் ஒரு மூக்கு. விதோமிரின் மூக்கு அந்த வட்டாரத்திலேயே பெயர்போனது. ரக்கியாவை மோந்து பார்த்தே எந்தச் சரிவில் காய்த்த பிளம்ஸ், எத்தனை வருடம் எந்த மரப் பீப்பாயில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். போன வருடம் அக்டோபர் திருவிழாவில் ரக்கியாப் போட்டிக்கு அவரைத்தான் நடுவராகப் போட்டார்கள். பாட்டில்களில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். ஒப்ராத்தின் பாட்டிலுக்கு மூன்றாவது பரிசு கிடைத்தது. முதல் பரிசு வால்யேவோ நகரத்துக்குப் பஸ் ஓட்டுகிற ரானிசாவுக்குப் போனது. ரானிசாவ் காய்ச்சுகிறதை எஞ்சினில்கூட ஊற்ற முடியாது என்பது ஒப்ராத்தின் கருத்து.

“கூமே, ஏழாம் நம்பர் என் பாட்டில்” என்றார் ஒப்ராத்.

“தெரியும் கூமே” என்றார் விதோமிர்.

“தெரிஞ்சுமா மூணாவது குடுத்தே?”

“தெரிஞ்சதாலதான் மூணாவது. தெரியாம இருந்திருந்தா நாலாவது.”

உண்மையைச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளக்கூடத் தெரியாத மனிதர் விதோமிர். ஒப்ராத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. “உன் மூக்குக்கு ரக்கியாவும் ஒண்ணு, பேட்டரித் தண்ணியும் ஒண்ணு!” என்று திருவிழாவே கேட்கும்படி கத்தினார். விதோமிர் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு இருவரும் நேராகப் பேசவில்லை. ஆனால் கூமை ஒதுக்கிவைக்க முடியாது, திட்டவும் கூடாது, பெரும் பாவம். ஆகவே ஒப்ராத் மரியாதையைக் கையில் எடுத்தார். ஐம்பது வருடமாக ‘வா, போ’ என்றிருந்த பேச்சு ‘அவர்கள்’ ஆகிவிட்டது. டிசம்பரில் வீட்டுப் புனிதரின் விருந்து வந்தது. கூம் வராமல் இருக்க முடியாது, ஒப்ராத் வரவேற்காமல் இருக்க முடியாது. இருவரும் ஒரே மேசையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஒப்ராத்தின் மனைவி ஸ்தமேனா வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

“ஸ்தமேனா, பெரிய மனசு பண்ணி வந்திருக்கிற கூம் அவர்களுக்கு மீன்ல முள் இல்லாத பக்கமாப் பார்த்து வை. அவருக்கு மூக்கு இருக்கிற அழகுக்குத் தொண்டை எப்படியோ.”

“ஸ்தமேனா, வீட்டுக்காரர் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லிடு. மீன் பிரமாதம். தாராளமா மூணாவது பரிசு குடுக்கலாம்.”

“ஏன், நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்பெட்டியா?” என்று ஸ்தமேனா பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். ஸ்தமேனா என்றால் ‘நில்லு’ என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவள் வீட்டுக் கூம் வைத்த பெயர். பெண்கள் நின்றார்களோ இல்லையோ, அவள் எதிரில் நிற்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

பிப்ரவரியில் மகன் கோய்கோவுக்குக் கல்யாணம். விதோமிர் வந்து மெழுகுவர்த்தி பிடித்தார். சூடான மெழுகு அவர் கையில் சொட்டட்டும் என்று ஒப்ராத் புனிதர்களை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிறந்தது செப்டம்பரில். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் எத்தனை மாதம் என்று கையில் விரல் உள்ள அத்தனை பேரும் எண்ணிப் பார்த்தார்கள்.

“ஏழு மாசத்துப் பிள்ளை, அவசரப்பட்டுட்டான்” என்று ஒப்ராத் கேட்காதவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னார். அவசரப்பட்ட பிள்ளையின் எடை நாலரைக் கிலோ. “எங்க வம்சமே கனம்” என்று அதையும் அவரே சேர்த்துச் சொன்னார். யாரும் எதிரே சிரிக்கவில்லை. சிரித்தால் துப்பாக்கி சுவரில்தான் சாய்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞானஸ்நானத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அதுவரை பிள்ளைக்குப் பெயர் இல்லை, எல்லோரும் ‘குட்டி’ என்றார்கள். மருமகள் யாகொதா, டெலிவிஷனில் வருகிற ஒரு பாடகனின் பெயரை வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். கோய்கோ, எந்தப் பெயரானாலும் பிள்ளை அழாமல் இருந்தால் சரி என்றான். ஒப்ராத்தின் காதில் மட்டும் சாத்தியமான பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டே இருந்தன. ‘மூன்றாமவன்’ என்று வைத்துவிடுவானோ? பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் மூன்றாமவன், மூன்றாமவன் என்றல்லவா கூப்பிடுவார்கள்?

உளவு பார்க்கத் தங்கையைத் தோப்பைத் தாண்டி அனுப்பினார். பெதலேத்கா விதோமிர் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்னை நல்லாப் பாருங்க கூமே. உங்கப்பா செஞ்ச வேலை. இன்னொரு ஜீவனை இப்படி ஆக்கிடாதீங்க.”

விதோமிர் அவளை உட்காரவைத்து, ஒரு கரண்டி பழ ஜாமும் காபியும் கொடுத்தார். “கவலைப்படாதே. நல்ல பேரா ஒண்ணு ரொம்ப நாளா வச்சிருக்கேன்” என்றார்.

பெதலேத்கா மூச்சிரைக்க வந்து சொன்னாள். ஒப்ராத் துள்ளிக் குதித்தார்.

“ரொம்ப நாளாவா? எவ்வளவு நாளா? போன அக்டோபர்லேர்ந்து! பிள்ளை வயித்துக்கு வர்றதுக்கு முன்னாலேயே பேரைத் தீட்டி வச்சிருக்கான்!”

அடுத்து பாதிரியார் கெராசிமிடம் போனார். பாதிரியார் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் முகவலை போட்டு நின்றிருந்தார்.

“சாமி, கூம் ஏதாச்சும் விபரீதமான பேரைச் சொன்னா, உங்களுக்குக் காது சரியா கேக்கலைன்னு வச்சுக்கலாமா? நீங்களா ஒரு நிக்கோலாவோ பேதாரோ சொல்லி எண்ணெயைப் பூசிடுங்க.”

“உன் தாத்தாவுக்கு என் தாத்தாதான் எண்ணெய் பூசினார்” என்றார் பாதிரியார் வலையைத் தூக்காமலே. “குதிரைப் பேருன்னு அவருக்கும் தெரியும். எங்க குடும்பத்துல யாருக்கும் காது கேக்காமப் போனதில்லை, ஒப்ராத். தேன் வேணும்னா கொண்டு போ.”

ஒப்ராத் தேனோடு திரும்பி வந்தார்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் பிரார்த்தனைக்கு வந்தவர்கள், மீதிப் பேர் பெயரைக் கேட்க வந்தவர்கள். விதோமிர் கறுப்புக் கோட்டில் பிள்ளையை ஏந்தி நின்றார். அவர் மனைவி தேசங்கா பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு. ஒப்ராத் மட்டும் கதவோரமாக, ஒரு கால் வெளியே வைத்த மாதிரி நின்றார். அந்த இடத்தில் நின்றது அவர் செய்த தப்பு. சாத்தானைக் கைவிடுகிற சடங்கில் கூம் மேற்கே திரும்பி, ஊதி, துப்ப வேண்டும். தேவாலயக் கதவு மேற்குப் பக்கம்தான் இருக்கிறது. விதோமிர் பக்தியோடு திரும்பினார், ஒப்ராத்தின் முகத்துக்கு நேராக ஊதினார், துப்பினார்.

“கைவிட்டாயா?” என்றார் பாதிரியார்.

“கைவிட்டேன்” என்றார் விதோமிர், மூன்று முறை.

மூன்று முறையும் கூட்டம் ஒப்ராத்தைத்தான் திரும்பிப் பார்த்தது.

பிறகு பாதிரியார் பிள்ளையின் தலைக்கு மேல் கையை உயர்த்தினார். “கூமே, பெயர் என்ன?”

விதோமிர் தொண்டையைச் செருமினார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “நேநாத்.”

நேநாத் நல்ல பெயர்தான், பழைய பெயர். ஆனால் அதன் அர்த்தம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எதிர்பாராமல் வந்தவன். கல்யாணமாகி ஏழே மாதத்தில், நாலரைக் கிலோவோடு, எதிர்பாராமல் வந்தவன். பெண்கள் பக்கத்தில் யாரோ தும்முவதுபோல் பாவனை செய்தார்கள். பஸ் ரானிசாவ் முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தேசங்காவின் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து அணைந்துபோனது, அவள் அப்படியே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், புருஷன் செய்த அநியாயத்துக்கு அவள் வெட்கப்படுகிறாள் என்று ஒப்ராத் நினைத்தார். மூன்றாமவன் என்று வைத்திருந்தால்கூட அது தன்னோடு போயிருக்கும். இது மகனுக்கும் மருமகளுக்கும், பால் குடிக்கிற பிள்ளைக்கும் சேர்த்துப் போட்ட சூடு. கடைசிவரை காதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவருக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார்.

விருந்து ஒப்ராத் வீட்டில். முற்றத்தில் ஆடு முழுசாகச் சுழன்று வெந்துகொண்டிருந்தது. உள்ளே நீள மேசையின் தலைப்பக்கம் விதோமிர், அவருக்கு வலப்பக்கம் வீட்டுக்காரருடைய நாற்காலி காலியாக இருந்தது. வீட்டுக்காரர் முதல் கிண்ணத்தை உயர்த்தி நாலு வார்த்தை சொன்னால்தான் யாரும் கரண்டியைத் தொடலாம். வீட்டுக்காரர் சமையலறையில் முட்டைக்கோஸ் பானைக்குப் பக்கத்தில் நின்று அந்த நாலு வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லப் போறே?” என்று கேட்டாள் ஸ்தமேனா.

“நாலு தலைமுறைக்கு நன்றின்னு சொல்லப் போறேன். இன்னையோட முடிஞ்சுது, அவங்க பாட்டுக்கு அவங்க வீட்ல இருக்கட்டும், நாம நம்ம வீட்ல இருப்போம்னு சொல்லப் போறேன். தோப்புக்கு நடுவுல நாளைக்கே வேலி வைக்கிறேன்.”

“கூமை விலக்கினா ஏழு வருஷம் மரம் பூக்காது.”

“பூக்க வேணாம். பூத்தா மட்டும் முதல் பரிசா குடுக்கறாங்க?”

ஸ்தமேனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அடுத்த அறையிலிருந்து தேசங்காவின் குரல் வந்தது. பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். “நேஷா… என் நேஷா… அழறானா நேஷ்கோ? இல்லையே, சிரிக்கிறானே. நேஷ்கோ, நேஷிக்கா, யாருடா ராஜா நீ?”

ஒப்ராத் வாயைப் பிளந்தார். “பேரு வச்சு ரெண்டு மணி நேரம் ஆகலை. நம்ம யார் வாய்லயும் இன்னும் அது நுழையலை. அவ என்னடான்னா செல்லப் பேரே மூணு வச்சுக் கூப்பிடறா! பேசி வச்சுத்தானே செஞ்சிருக்காங்க?”

ஸ்தமேனா கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“மனுஷா, நீ கழுதை. ஆனா உனக்குத் தெரிய நியாயமில்லை, அதனால இன்னைக்கு மன்னிக்கிறேன். தேசங்காவுக்கு ரெண்டு தடவை அஞ்சாம் மாசத்துல கலைஞ்சுது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.” அவருக்கு இருந்தது. இரண்டாவது முறை அவளை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே அவர்தான்.

“அப்புறம் விதோமிர் அவகிட்ட சொன்னாராம்: ‘நாம எதிர்பார்க்கிறதாலதான் போகுது. இனிமே மாசம் எண்ண வேணாம், தொட்டில் செய்ய வேணாம், ஒண்ணும் எதிர்பார்க்க வேணாம். எதிர்பார்க்காம இருக்கும்போது தானா வருவான். வந்தா நேநாத்துன்னு பேரு வைப்போம்.’ பிளம்ஸ் உலர்த்தும்போது தேசங்கா என்கிட்ட சொன்னா. முப்பத்தோரு வருஷமாச்சு. முப்பத்தோரு வருஷமா ரெண்டு பேரும் எதிர்பார்க்காம இருக்காங்க, ஒப்ராத்.”

பானை கொதித்தது. யாரும் மூடியை எடுக்கவில்லை.

“நம்ம கோய்கோ பொறந்தப்ப ஏன் அதை வைக்கலை?” என்று ஒப்ராத் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அது அவங்களுக்கு வேண்டியிருந்துச்சு.”

“ஒரு வருஷமா முகம் குடுத்துப் பேசாத எனக்குப் போயா அதைக் குடுக்கணும்?”

“உனக்கா குடுத்தார்? கூமுக்குக் குடுத்தார். தேசங்கா முகத்தைப் பார்த்தியா கோயில்ல? அவகிட்டகூடச் சொல்லலை அந்த மனுஷன். வேலி வைக்கப் போறியாமே, வேலி! போய் வை.”

ஒப்ராத் பானைப் பக்கமாகத் திரும்பிக் கொஞ்ச நேரம் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மேசை அமைதியானது. அவர் கிண்ணத்தை எடுத்தார். ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் போய்விட்டது, புதிதாக ஒன்றும் வரவில்லை. அந்த மௌனத்தைப் பஸ் ரானிசாவ் தப்பாகப் புரிந்துகொண்டார்.

“சொல்லு ஒப்ராத்! அருமையான பேரு! கூம் மூக்குதான் கெட்டின்னு நெனைச்சோம், கணக்கும் கெட்டிதான் போல!”

மேசை முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. ஒப்ராத் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

“யார் சிரிச்சது? நல்லாச் சிரிங்க. தொப்பியை எடுத்துட்டுச் சிரி, ரானிசாவ்” என்றார் ஒப்ராத். “பிப்ரவரியில கல்யாணம், செப்டம்பர்ல பிள்ளை. ஏழு மாசம். நானே எண்ணினேன். ஏழு மாசத்துப் பிள்ளை நாலரைக் கிலோ இருக்காதுன்னு எனக்கும் தெரியும், ஆடு மாடு வளக்கிறவன்தானே நான். என் பேரன் எதிர்பாராம வந்தவன்தான். வந்ததுக்குச் சந்தோஷப்படறேன். இன்னும் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். பேரைப் பத்தி இனிமே எவனாச்சும் பேசினா, இந்த வீட்டு வாசப்படி அவனுக்கு இல்லை. நேநாத்துக்காகக் குடிங்க!”

யாகொதா காதுவரை சிவந்துபோனாள், ஆனால் நாற்பது நாளில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கோய்கோ தன் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்தான்.

எல்லோரும் குடித்தார்கள், விதோமிரைத் தவிர. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. வீட்டுக்காரரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய உதடு அசைவதைப் பார்த்தால் பிப்ரவரி, மார்ச் என்று இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறார் என்று தெரிந்தது. ஊரில் அதை எண்ணாத ஒரே மனிதர் அவர்தான். அந்த வீட்டில் மாதம் எண்ணுவதை விட்டு முப்பத்தோரு வருடம் ஆகியிருந்தது.

“கூமே” என்றார் விதோமிர், ஒரு வருடத்துக்குப் பிறகு நேராக. “சத்தியமா எனக்குத் தோணவே இல்லை. நான் வேற… நாங்க வேற நெனைச்சு… எண்ணெய் பூசியாச்சே. என்ன பண்றது? சாமிகிட்ட கேட்டு மாத்த முடியுமான்னு…”

“தொட்டுப் பாரு” என்றார் ஒப்ராத். “அந்தப் பேர் மேல கையை வச்சுப் பாரு, கூமுன்னுகூடப் பார்க்க மாட்டேன்.”

விதோமிருக்குப் புரிந்துவிட்டது. ஸ்தமேனா சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. மேசைத்துணியின் நுனியை எடுத்து அந்தப் பெயர்போன மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது தேசங்கா பிள்ளையோடு வாசற்படியில் வந்து நின்றாள். விருந்தில் பெண்கள் பரிமாறுவார்கள், தலைப்பக்கம் உட்காருவது வழக்கமில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம் என்று அவள் யாகொதாவைத் தேடினாள். ஒப்ராத் போய் அவள் முழங்கையைப் பிடித்து, மேசையைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து, கூமுக்கு வலப்பக்கம் இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரு தேசங்கா.”

“ஐயோ கூமே, இது உங்க இடமாச்சே.”

“உக்காருன்னா உக்காரு. பிள்ளை கனம்.”

அவள் உட்கார்ந்தாள். பிள்ளை ஒரு கையை நீட்டி விதோமிரின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. அவர் அசையாமல் இருந்தார், அசைந்தால் விட்டுவிடுமோ என்று பயந்தவர் மாதிரி. ஆடு வந்தது, ரொட்டி வந்தது. பஸ் ரானிசாவ் தலையைக் குனிந்து மூன்று பேருக்கான சாப்பாடு சாப்பிட்டார். ஒப்ராத் மட்டும் கூமின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நீயும் உக்காரேன், கூமே” என்றார் விதோமிர் திரும்பிப் பார்க்காமல். “எவ்வளவு நேரம் நிப்பே?”

“எங்கே உக்கார்றது?” என்றார் ஒப்ராத். “என் நாற்காலியில உன் குடும்பம் உக்காந்திருக்கு.”